பயிற்றங்காய் கொடியிலேயே காய்கிறது

கேள்வி: எனக்கு 69 வயது. இணுவில் பக்கம். கிராம சேவையாளராக இருந்து ஓய்வுபெற்றவன். போன ஐப்பசியில் மனைவி பாரிசவாதத்தில் போய்விட்டா. மகள் ரொறன்ரோவில், மகன் லண்டனில். 31ஆம் நாள் கிரியை முடிந்து பிள்ளைகளும் திரும்பிப் போன பிறகு வீட்டில் நான் தனி. விடிய எழும்பி அவ வைத்த தோட்டத்துக்குத் தண்ணி விடுகிறேன், பத்து மணிவரை அங்கேதான். பின்னேரம் சாமியறையில் விளக்கு வைக்கிறேன். தேவாரம் பாட வாய் வருவதில்லை, சும்மா பார்த்துக்கொண்டு இருக்கிறேன். இந்த இரண்டும்தான் என்னைத் தாங்குகின்றன. வேறெங்கும் போவதில்லை. ஆட்டைத் திவசம் (முதல் வருடத் திவசம்) முடியாததால் கோயிலும் இல்லை, இந்தமுறை நல்லூர்த் தேரும் இல்லை. தண்ணி விடும்போது மனைவியோடு கதைப்பேன். இதைக் கேட்ட மகள், "அப்பா, நீங்கள் சாமியார் ஆகிட்டீங்கள், இது ஒரு வருத்தம், வீட்டைப் பூட்டிப்போட்டு இஞ்ச வாங்கோ" என்கிறா. நான் ஆறுதல் என்று நினைப்பது உண்மையில் நோயா? பயிற்றங்காய் முற்றிக் கொடியிலேயே காய்கிறது, யாருக்குக் கொடுப்பது? சில விடியல்களில் ஏன் எழும்ப வேண்டும் என்றும் தோன்றுகிறது. பெயர் வேண்டாம்.

பி.கு.: அவ கடைசியாக நட்ட பச்சைமிளகாயில் இலை சுருள்கிறது. என்ன செய்யலாம்?

பதில்:

ஐயா,

நீங்கள் கேட்ட ஒழுங்கில் நான் பதில் சொல்லப் போவதில்லை. பயிற்றங்காய்க் கதைக்கும் மிளகாய்க் கதைக்கும் நடுவே ஒரு வரியைச் செருகிவிட்டுப் போயிருக்கிறீர்கள், சில விடியல்களில் ஏன் எழும்ப வேண்டும் என்று தோன்றுகிறது என்று. காலம் முழுக்க மற்றவர்களின் விண்ணப்பங்களைப் படித்தவர் நீங்கள். முக்கியமான விஷயத்தை ஆட்கள் எங்கே ஒளித்து எழுதுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

அதனால் நேரே கேட்கிறேன். எழும்ப அலுப்பாக இருப்பது ஒன்று, உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுவது வேறொன்று. உங்களுடையது எது? இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை உண்டாக்கிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. கேட்டவுடன் ஆள் பெருமூச்சு விட்டுக் கதைக்கத் தொடங்குவதைத்தான் நான் கண்டிருக்கிறேன். இரண்டாவதுதான் என்றால் இந்தப் பதிலின் மிச்சத்தைப் பிறகு படிக்கலாம், முதலில் 1926க்கு அழையுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது, இரவு பகல் எந்த நேரமும் எடுப்பார்கள். அல்லது காங்கேசன்துறை வீதியில் பஸ் ஏறித் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் இறங்குங்கள். அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது, காசு இல்லை.

முதலாவதுதான் என்றாலும் உங்களுக்கு இன்றைக்கு ஒரு வேலை இருக்கிறது. தோட்டம் உள்ள வீட்டில் எங்கேயாவது ஒரு மூலையில் பூச்சிமருந்துப் போத்தல் கிடக்கும். தோட்டம் செய்கிற அயலவர் யாரிடமாவது அதைக் கொடுத்துவிடுங்கள். துக்கத்தோடு தனியே இருக்கிறவர் வீட்டில் அது இருக்கக் கூடாது. இலங்கையில் கடும் நஞ்சுள்ள பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்யத் தொடங்கிய பிறகு, 1990களின் நடுப்பகுதியில் உச்சத்தில் இருந்த தற்கொலைச் சாவுகள் பெருமளவு குறைந்தன. கெட்ட நேரம் வந்தால் கடந்து போகும். அது கடக்கும் வரை கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றும் இல்லாததாலேயே தப்பியவர்கள் ஏராளம். வீட்டுத் தோட்டத்துக்கு வேப்பங்கொட்டை போதும். 50 கிராம் பருப்பை இடித்து, ஒரு லீற்றர் தண்ணியில் இரவு முழுக்க ஊறவைத்து, துணியால் வடித்து, துளி சவர்க்காரம் கலந்து வெயில் தணிந்த பிறகு தெளியுங்கள்.

சரி, இனி மகள் சொன்ன "வருத்தம்".

போனவரோடு கதைப்பது பைத்தியம் இல்லை. துணையை இழந்தவர்களில் பலர் கதைக்கிறார்கள். குசினியில் கால் சத்தம் கேட்டதாக, கூப்பிட்ட குரல் கேட்டதாக உணர்கிறவர்களும் உண்டு. வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். போனவரை விட்டுவிட்டால்தான் மனம் தேறும் என்று எங்கள் மனநலத் துறையில் ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள், இப்போது அப்படிச் சொல்வதில்லை. நம் ஊர் அதை ஒருநாளும் நம்பியதும் இல்லை. ஆடி அமாவாசைக்குத் தகப்பனை நினைத்தும் சித்திரா பௌர்ணமிக்குத் தாயை நினைத்தும் விரதம் இருந்து, அவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்கிற ஆட்கள் நாங்கள். ஆடி அமாவாசை என்றால் காத்தோட்டிக்காய் தேடிச் சந்தை சந்தையாக அலைகிறோம். படையலின் முன் நின்று "இது உங்களுக்கு விருப்பமெல்லே" என்றால் சம்பிரதாயம், கத்தரிப் பாத்தியில் நின்று சொன்னால் வருத்தமா?

நான் வருத்தம் என்று யோசிப்பது வேறு சிலவற்றை. நித்திரை வாரக்கணக்காகக் கெடுவது, உடுப்புத் தொளதொளக்கும் அளவுக்கு மெலிவது, குளிக்காமல் சவரம் செய்யாமல் நாட்கள் போவது, பின்னேரமானால் சாராயப் போத்தலைத் தேடுவது, தோட்டத்தில்கூட மனம் ஒட்டாமல் போவது. இவற்றில் சில சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நின்றால் வைத்தியரிடம் போக வேண்டும். அதற்கு நல்ல மருந்து உண்டு. வருடம் கடந்த பிறகும் துக்கம் முதல் நாள் போலவே குத்தி, அன்றாட வேலையைச் செய்யவிடாமல் நின்றால் அதுவும் தனியாகப் பார்க்க வேண்டிய ஒன்று. உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை, அந்த ஒரு வரியைத் தவிர. தண்ணி விடுகிறீர்கள், விளக்கு வைக்கிறீர்கள், மிளகாய் இலையைக் கவனிக்கிறீர்கள். உங்கள் ஆறுதல் உண்மையான ஆறுதல்தான்.

விடிய வெயில் உடம்பில் படுவது இரவு நித்திரைக்கு நல்லது. செடிக்குத் தண்ணி தேவை என்பதால் ஆள் எழும்புகிறார். எழும்ப மனம் வந்த பிறகு எழும்புவோம் என்று காத்திருந்தால் அது வராது, எழும்பி வேலையில் கை வைத்த பிறகுதான் மனம் பின்னால் வரும். எங்கள் சிகிச்சை முறைகளில் ஒன்று கிட்டத்தட்ட இதுதான். காசு வாங்காமல் உங்கள் மனைவி உங்களுக்கு அதை ஒழுங்கு செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

பத்து மணிவரை வெயிலில் நிற்பது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. எட்டு, எட்டரையோடு நிறுத்துங்கள். பிரஷர் குளிசை எடுப்பவர் என்றால் குந்தியிருந்து சடாரென்று எழும்பாதீர்கள், பலகைக்கட்டை ஒன்றில் இருந்து களை பிடுங்குங்கள். மாரி தொடங்கினால் செருப்பில்லாமல் சேற்றில் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும். பூச்சாடித் தட்டுகளில் நிற்கும் தண்ணியைக் கவிழ்த்துவிடுங்கள், டெங்கு நுளம்புக்கு அது போதும்.

எல்லாம் சரி என்றால் ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்? பயிற்றங்காயால்.

1995 ஒக்ரோபர் 30 இரவு போருக்குத் தப்பி வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. உங்கள் பிரிவு ஆட்களின் பதிவுகளோடு நீங்களும் அந்த மழையில் நாவற்குழிப் பாலத்தில் நெரிபட்டிருப்பீர்கள். என் அப்பா செத்து அப்போது எட்டு மாதம். அம்மா சேலைத் தலைப்பில் ஒரு பிடி பயிற்றை விதையை முடிந்துகொண்டு வந்திருந்தார். கொடிகாமம் பக்கத்தில் ஐந்து குடும்பம் ஒதுங்கிய வீடு. அம்மா யாரோடும் கதைக்கவில்லை. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ கிணற்றடி ஓரம் மணலைக் கிளறி, சாம்பல் கலந்து, அந்த விதையை ஊன்றினார். எனக்குச் சரியான கோபம். அடுத்த கிழமை வீட்டுக்குப் போய்விடுவோம், இதென்ன வேலை என்று கத்தினேன். அவர் பாட்டுக்கு விதையை விரலால் அமத்திக்கொண்டிருந்தார். வாய் மட்டும் முணுமுணுத்தது. தேவாரமா அப்பாவோடு கதையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

மார்கழி முடிவில் காய்த்தது. ஒரு நாள் பிடுங்கினால் ஐந்து குடும்பத்துக்குக் காணாது, ஒரு குடும்பத்துக்கு மிச்சம். அதனால் முறை வைக்க வேண்டி வந்தது, முறை வைக்க அம்மா வாயைத் திறக்க வேண்டி வந்தது. "இண்டைக்கு உங்கட நாள், பிள்ளை பெத்தவள் இருக்கிறாள், அவளுக்கு ரெண்டு கூடப் போடுங்கோ." இரண்டு மாதத்துக்குப் பிறகு அவர் பிறத்தியாரோடு பேசிய முதல் பேச்சு அது. அம்மா அதோடு தேறிவிட்டார் என்று கதை முடிக்க எனக்கு விருப்பமில்லை, இரவில் அழுதார். பகலில் ஆளாக இருந்தார்.

இப்போது உங்கள் கொடியைப் பாருங்கள். தோட்டம் என்பது ஒரு ஆளுக்கு அளந்து காய்ப்பதில்லை. இரண்டு பயிற்றைக் கொடியும் ஒரு முருங்கையும் நின்றால் வீட்டுக்குத் தேவையானதைவிடக் கூடத்தான் வரும். உங்கள் மனைவி அந்தக் கூடுதலை என்ன செய்தார்? நீங்கள் எழுதவில்லை. நான் ஊகிக்கிறேன், வேலிக்கு மேலால் போயிருக்கும். கறிவேப்பிலைக் கொப்பு ஒரு பக்கம் போக, வல்லாரைப் பிடி இன்னொரு பக்கம் போக, போன கிண்ணம் வெறுமையாகத் திரும்பாமல் ஏதாவது ஒன்றோடு வந்திருக்கும். நீங்கள் தண்ணி விடுவதை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டீர்கள். அவருடைய தோட்டத்தின் மற்றப் பாதி வேலி கடந்து போனது. அந்தப் பாதிதான் இப்போது கொடியில் காய்கிறது.

இதில் உங்களைக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. கிராம சேவையாளர் வீட்டுப் படலை எப்போதும் வெளியிலிருந்துதான் திறக்கும். வதிவிடச் சான்றிதழ், பங்கீட்டு அட்டை, காணிப் பிரச்சினை, புருஷன் பெண்சாதிச் சண்டை என்று ஆட்கள் உங்களைத் தேடி வந்தார்கள். நீங்கள் ஒருவரையும் தேடிப் போகத் தேவைப்படவில்லை. ஓய்வுபெற்றதும் அந்தக் கூட்டம் நின்றது. மிச்சம் வந்தவர்கள் உங்கள் மனைவியிடம் வந்தவர்கள். எட்டுச்செலவும் 31ம் முடிந்ததும் அவர்களும் வரவில்லை. அவர்கள் கல்நெஞ்சர் இல்லை, பெரிய ஐயாவின் வீட்டுக்குள் என்ன சொல்லிக்கொண்டு போவது என்று யோசித்து நிற்பார்கள். உள்ளே இருந்து படலையைத் திறக்க வேண்டியது இனி நீங்கள்தான், அது உங்களுக்குப் பழக்கமில்லாத வேலை.

அதனால் ஒன்றே ஒன்று செய்யுங்கள். இன்று பின்னேரம் முற்றாத காயாகப் பார்த்து ஒரு பிடி பிடுங்கி, வாழைநாரால் கட்டி, முன்வீட்டுக்கோ பக்கத்து வீட்டுக்கோ நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். பையில் போட்டுப் படலையில் கொளுவிவிட்டு வரக் கூடாது, கையில் கொடுக்க வேண்டும். "அவ வைச்ச கொடி, காய்ச்சுக் கொட்டுது" என்று மட்டும் சொன்னால் போதும், மற்றதை அவர்கள் சொல்வார்கள். தேத்தண்ணி போட்டால் குடியுங்கள். அழுகை வந்தால் அழுங்கள், அவர்களும் உங்கள் மனைவியை நினைத்து அழக் காத்திருக்கலாம். ஐந்து நிமிடம். கிழமையில் இரண்டு நாள். முற்றியதை உலரவிட்டு விதைக்கு எடுத்து வையுங்கள், அதையும் யாராவது கேட்பார்கள். 2020 பங்குனியில் ஊரடங்கு போட்டு வீட்டுக்குள் கிடந்தபோது இந்த ஊரில் விதை எப்படி வேலிக்கு வேலி கைமாறியது என்று யோசித்துப் பாருங்கள். அப்புறம் ஊரடங்கு எடுத்ததும் மறந்துவிட்டோம், அது வேறு.

சாமியறையைப் பற்றி. வாய் வரவில்லை என்று வெட்கப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். செத்த வீட்டில் பொற்சுண்ணம் பாடிச் சுண்ணம் இடித்த சத்தம் காதில் நிற்கும்போது பாட்டு எப்படி வரும்? தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் பூசை செய்பவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மந்திரம் சொல்லாமல்தான் பூசை செய்கிறார். அங்கே முருகனுக்கு அது குறையாகப் படவில்லை. விளக்கைப் பார்த்துக்கொண்டு இருங்கள், அது கும்பிடுதல்தான். கடவுளோடு கோபம் வந்தால் கோபத்தையும் சொல்லலாம். கண் பார்வை போனபோது சிவனைத் திட்டியே பதிகம் பாடிய சுந்தரரை நாயன்மார் வரிசையை விட்டு ஒருவரும் எடுக்கவில்லை.

கோயில் விஷயத்தில் நான் குருக்கள் இல்லை. ஆனால் 31ஆம் நாள் வீட்டுக்கிருத்தியத்தோடு துடக்குக் கழிவதாகத்தான் நம் பக்கத்தில் பொதுவாகக் கொள்கிறார்கள். வருடம் முழுக்கப் போகாமல் இருப்பது குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடுகிற வழக்கம். உங்கள் குருக்களிடம் ஒருமுறை நேரில் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். போகலாம் என்றால், திருவிழாக் கூட்டத்தில் தொடங்காமல் ஊர்ப் பிள்ளையாரிடம் ஆள் குறைந்த காலைப் பூசைக்குப் போங்கள், வளவில் பூக்கிற நந்தியாவட்டையும் செவ்வரத்தையும் ஓலைப்பெட்டியில் போட்டுக்கொண்டு. கையில் பூ இருந்தால் வெறுங்கையோடு நிற்கிற கூச்சம் வராது, மற்றவர்களுக்கும் உங்களோடு கதைக்க ஒரு சாட்டுக் கிடைக்கும். வழக்கம் காரணமாகப் போகாமல் இருக்கிறீர்களா, ஆட்களின் முகத்தைப் பார்க்க முடியாமல் வழக்கத்தைச் சாட்டுகிறீர்களா என்பதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும். இரண்டும் கலந்திருந்தாலும் பாவம் இல்லை.

ஐப்பசியில் ஆட்டைத் திவசம் வருகிறது. அதற்கு முந்திய இரண்டு மூன்று வாரம் மறுபடி கனக்கும், அதை இப்போதே எதிர்பார்த்திருங்கள். தங்கையோ மச்சானோ யாராவது அந்த நாட்களில் வந்து இரவு தங்கட்டும். மழையும் அந்த நேரத்தில்தான் தொடங்கும். புரட்டாசிக்குள் கத்தரிக்கும் மிளகாய்க்கும் நாற்றுமேடையை உயர்த்திப் போட்டு வைத்தால் திவசம் முடிந்த கையோடு நடுகிற வேலை உங்களைக் கூப்பிடும்.

மகள் விஷயம். அவர் பேசுவது பயத்தில். எட்டாயிரம் மைலுக்கு அப்பால் இருந்து ஒரு பிள்ளைக்கு வேறென்ன சொல்லத் தெரியும்? வீட்டைப் பூட்டுவது, விற்பது, எழுதிக் கொடுப்பது எல்லாம் முதல் வருடத்தில் முடிவெடுக்கிற காரியங்கள் இல்லை. திவசம் முடிந்து, விரும்பினால் அடுத்த கோடையில் மூன்று மாதம் போய் இருந்துவிட்டு வாருங்கள். தண்ணி விட ஆள் வேண்டுமே என்பீர்கள். அதற்கும் அந்த முன்வீட்டுக்காரர் வேண்டும்.

அதுவரை ஒன்று செய்யலாம். இப்போது அங்கே கோடை, நீங்கள் காலை ஆறரைக்குத் தண்ணி விடும்போது ரொறன்ரோவில் முதல் நாள் இரவு ஒன்பது மணி. பேரப்பிள்ளைகள் படுக்கப் போகிற நேரம். மகளை அப்போது வீடியோவில் எடுக்கச் சொல்லி, போனை வாளி மேல் சாத்தி வைத்துவிட்டு நீங்கள் பாட்டுக்குத் தண்ணி விடுங்கள். "சாப்பிட்டீங்களா, குளிசை போட்டீங்களா" என்கிற விசாரணை இல்லாத பத்து நிமிடம். நீங்கள் அம்மாவோடு கதைப்பது கேட்டாலும் கேட்கட்டும். அவரும் கதைக்க நினைத்துக்கொண்டுதான் இருப்பார், அவருக்கு அங்கே பாத்தி இல்லை.

கடைசியாக மிளகாய். இலைச்சுருளுக்கு என்ன செய்வது என்று எனக்கு ஓரளவு தெரியும், சொல்ல மாட்டேன். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்தாலும் சொல்வார்கள், ஆனால் நீங்கள் அழைக்க வேண்டாம். சுருண்ட இலையில் நாலைந்தைக் கிள்ளி ஒரு பையில் போட்டுக்கொண்டு, உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்துக்கு நேரில் போய் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். பழைய கிராம சேவையாளரை அங்கே யாராவது அடையாளம் காணாமல் விடமாட்டார்கள். போகிற வழியில் சவரக்கடை இருந்தால் அதையும் முடித்துக்கொண்டு போங்கள்.